கண்ணாடித் தகடுகள் பிழைத்த கதை

வீட்டுப் படங்களையும் காணொளிகளையும் எதில் சேமிப்பது என்பது கணினிக் காலத்தின் கேள்வியாகவே கருதப்படுகிறது. ஐதராபாத்தில் ஒரு குடும்பம் அதை நூறாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது.

ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் படக்கலைஞரான ராஜா லாலா தீன் தயாள் (1844–1905) செகந்திராபாத்தில் படநிலையம் நடத்தினார். அவர் பயன்படுத்திய கண்ணாடி எதிர்ப்படத் தகடுகள் கனமானவை; எளிதில் உடைபவை; ஈரம் ஏறினால் அவற்றின் ஜெலட்டின் படலம் பூசணம் பிடித்து உரியும். ஆனால் பின்னர் பரவிய நைட்ரேட் பிலிம் நாளடைவில் தானே சிதையும், தீயும் பற்றும். கண்ணாடியோ சுருங்காது, எரியாது. புதிய ஊடகம் நெடுநாள் வாழும் என்பது விற்பனையாளரின் நம்பிக்கை மட்டுமே.

பல தகடுகளில் எண்ணும் தலைப்பும் எழுதப்பட்டிருந்தன என்பது அதனினும் முதன்மையானது. அவை இல்லையேல் ஊரும் பேரும் அறியா முகங்களே எஞ்சியிருக்கும். இன்று வீட்டுச் சேமிப்பகம் வாங்குவோர் டெராபைட் கணக்கை விசாரிக்கின்றனர்; குறிப்புகளைப் பற்றிக் கேட்போர் அரிது.

சந்ததியினர் காத்துவந்த தகடுகளில் 2,857ஐ 1989இல் தில்லியின் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் பெற்றது. அதுவரை அவை குடும்பத்தின் பொறுப்பு. 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருகி ஐதராபாத்தைச் சூறையாடியதை நினைத்தால், ஒரே ஊரில் குவிந்த சேகரிப்பின் ஆபத்து விளங்கும். ஒரே தரவை இரு வன்தட்டுகளில் எழுதும் இன்றைய வலைச் சேமிப்புப் பெட்டி, ஒரு தட்டு பழுதானால் காக்கும். வெள்ளத்திற்கு அவ்விரண்டும் ஒரே அலமாரிதான்.