ஆண்டை யார்?

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் 1743ஆம் வருடப் பக்கங்களில், ஆட்களை ஏமாற்றிப் பிடித்துவந்து புதுச்சேரியில் அடிமைகளாக விற்ற விவகாரம் வருகிறது. 'அடிமை' என்ற சொல்லுக்கு இந்த ஊரில் அப்படியொரு சரித்திரம். அதில் ஆண்டை உண்டு, தரகன் உண்டு, விலை உண்டு. 'போதைக்கு அடிமை' என்று எழுதும்போது மட்டும் இவர்களெல்லாம் எங்கே காணாமல் போகிறார்கள்? ஒரு மாத்திரை, அதன் முன்னால் மனவுறுதியற்ற ஒரு ஆள். காட்சி அவ்வளவுதான்.

செயற்கை ஊக்கிகளின் வரலாறு இந்தக் காட்சிக்குள் அடங்காது. 1887இல் பெர்லினில் தயாரிக்கப்பட்ட ஆம்ஃபெட்டமைனை நாற்பது வருடத்துக்கு யாரும் சீண்டவில்லை. இரண்டாம் யுத்தத்தில் சிப்பாய் தூங்கக்கூடாது. எனவே நாஜிப் படைக்குப் பெர்விட்டின், பிரிட்டிஷ்காரனுக்குப் பென்செட்ரின், ஜப்பானியனுக்கு ஹிரோபான். ஜப்பான் தோற்றபின் மிச்சச் சரக்கு தெருவுக்கு வந்தது. 1951இல் தனிச்சட்டம் போட்டார்கள். 1954இல் மட்டும் ஐம்பதாயிரம் பேருக்குமேல் கைது. ராணுவம் கொடுத்தவரை அது மருந்து.

சார்த்தரை எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் வெளிவந்த 'இயங்கியல் பகுத்தறிவு விமர்சன'த்தை எழுதிய நாட்களில் கொரிட்ரானை மென்றுகொண்டே இருந்திருக்கிறார். ஆஸ்பிரினும் ஆம்ஃபெட்டமைனும் கலந்த மாத்திரை. மருத்துவர் சீட்டே தேவையில்லை. 1971இல்தான் அதை நிறுத்தினார்கள். அவரைப் 'போதை அடிமை' என்று நாம் யாரும் எழுதியதில்லை. நானும்தான்.

சரி, அடிமைப்படுத்தும் சக்தியை எப்படி அளந்தார்கள்? அளவுகோல் அபினியிலிருந்து வந்தது. நிறுத்தினால் நடுக்கம், வாந்தி, உடம்புவலி வந்தால் அடிமைத்தனம். வராவிட்டால் வெறும் பழக்கம். ஆம்ஃபெட்டமைனை நிறுத்தியவன் அசந்து தூங்குவான், சோர்ந்து கிடப்பான், அகோரமாய்ப் பசிக்கும். உடம்பு கூச்சல் போடாததால் பல மருத்துவர்கள் 'பழக்கம்தான்' என்று விட்டுவிட்டார்கள். 1958இல் லண்டனில் கோனெல், அதனால் மனம் பிறழ்ந்த 42 பேரைப் பற்றி எழுதியபிறகும் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை. 1964இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இரண்டு சொல்லையும் கைவிட்டு 'சார்புநிலை' என்றது. 1969இல் டெனோ, யனகிதா, சீவர்ஸ் வெளியிட்ட ஆய்வில் குரங்குகள் தாமே விசையை அழுத்தி ஊக்கியை ரத்தத்தில் ஏற்றிக்கொண்டன. முக்கியமான ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குரங்குக்கு விடியுமுன் சரக்கு இறக்கவேண்டிய லாரி இல்லை, முடிக்கவேண்டிய அத்தியாயம் இல்லை. விசையைப் பொருத்தியவரும் கணக்கில் வரமாட்டார்.

இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் பழைய சொல்லையே வைத்திருந்தது. 2001 திருத்தத்தில்தான் அடிமை என்பதற்குச் 'சார்புநிலை உள்ளவர்' என்று வரையறை மாறியது. அதே வருடம் தராசும் வந்தது: ஆம்ஃபெட்டமைன் 2 கிராம் என்றால் சிறிய அளவு, 50 கிராம் என்றால் வணிக அளவு. தமிழ்ப் பத்திரிகைகளில் இன்றைக்கும் 'அடிமை'தான்.