எத்தனை முழுக்கு? - நல்லூர் வட்டாரத்தில் சாவும் புதுப்பிறப்பும்

பெரியம்மா செத்த அன்று மாமா கேட்ட கேள்வியை வைத்தே இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆலங்குளத்தை ஒட்டிய கிராமம். இருபது வருஷத்துக்கு முன் பெரியம்மா ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். கம்மல், வளையல், தாலி எல்லாவற்றையும் கழற்றிப் பெரியப்பா கையில் கொடுத்தாள். ‘புருசன் உசுரோட இருக்கும்போதே அறுத்துட்டாளே’ என்று தெருவே வாயில் அடித்துக்கொண்டது. மாமா பம்புசெட்டுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்து, ‘எனக்கு அக்கா இல்ல’ என்றார். அதற்கப்புறம் அந்த வாசலை அவர் மிதித்தது பெரியம்மாவின் சாவுக்குத்தான். பிறந்த வீட்டுக் கோடியை ஒரு மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, அதைப் போடலாமா கூடாதா என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ‘மருமவனே, இவளுக்கு நான் அன்னைக்கே முழுகிட்டேன். ஒருத்திக்கு எத்தன தடவ முழுகுறது?’ என்றார்.

உள்ளே பாஸ்டர் ஜெபம் செய்துகொண்டிருந்தார். சகோதரி இருபது வருஷத்துக்கு முன்பே மரித்து எழுந்துவிட்டவர்கள், இன்று அவர்கள் தூங்குகிறார்கள், அவ்வளவுதான் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியம்மா செத்த தேதி குறித்துத் தம்பிக்கும் பாஸ்டருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. எது செத்தது என்பதில்தான் வேறுபாடு.

தமிழில் தண்ணீர் உறவை அறுக்கிற பொருள். சாவுத் தீட்டுக் கழிய முழுகுகிறோம். அதனால் ஒருவனைத் ‘தலைமுழுகிட்டேன்’ என்றால் அவன் எனக்குச் செத்தவன். ஒரு பழக்கத்தை விட்டால் ‘முழுக்குப் போட்டாச்சு’. இனி எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று விட்டவனைத் ‘தண்ணி தெளிச்சு விட்டாச்சு’. இத்தனை தண்ணீர்களுக்கு நடுவில்தான் ஞானஸ்நானம் என்ற தண்ணீரும் வந்து சேர்ந்தது. மதமாற்றம் பற்றிய நம் சொல்லாடல்கள் பெரும்பாலும் ஆசை காட்டினார்கள், மயக்கினார்கள், விடுதலை தந்தார்கள் என்ற கணக்குகளிலேயே நின்றுவிடுகின்றன. அந்தத் தண்ணீருக்குள் ஒரு சாவு நடக்கிறது என்று அந்த மதமே சொல்வதை நாம் காதில் வாங்கியதில்லை.

பவுலின் நிருபங்களில் ஆத்தும மரணம் என்பது செத்தபிறகு நேர்கிற ஒன்றல்ல. சாப்பிட்டு, நடந்து, வரி கட்டிக்கொண்டிருக்கிற மனிதனையே அவர் பாவத்தில் செத்தவன் என்கிறார். எபேசியருக்கு எழுதியதில் இது வருகிறது. ரோமருக்கு எழுதியதில் ஞானஸ்நானம் ஓர் அடக்கமாகவே வருகிறது: கிறிஸ்துவோடு குழிக்குள் இறங்கி அவரோடு எழுவது. நோயாளி என்றால் மருந்து சாப்பிட்டுத் தேறலாம். பிணம் தானாக எழ முடியாது. ஆகவே கிருபை. இந்தத் தர்க்கத்துக்குள் நமக்கு முக்கியமான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. எல்லோரும் பிணம் என்றால் பிறப்பால் வந்த எந்த மேன்மையும் செல்லாது. மேலத்தெருவும் பிணம், கீழத்தெருவும் பிணம். பிணத்துக்கு ஏது சாதி என்று கேட்கத் தோன்றும். நம் ஊரில் ஆளைவிடப் பிணத்துக்குத்தான் சாதி அதிகம்: எந்தத் தெரு வழி, எந்தப் பாதை, எந்தச் சுடுகாடு, யார் குழி வெட்டுவது, யார் பறை அடிப்பது. சமநிலைப்படுத்தும் உருவகமாகப் பவுல் கையாண்ட பிணம், திருநெல்வேலிச் சீமைக்கு வந்ததும் சாதியின் உச்சபட்ச அடையாளமாக மாறி நின்றது.

புதுப்பிறப்பு என்ற பாதியும் இங்கே சுலபமாக இறங்கவில்லை. வயசான ஒருவன் தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போக முடியுமா என்று நிக்கொதேமு கேட்டது யூதக் காதுக்கு உண்டான குழப்பம். தமிழ்க் காதுக்கு உண்டானது வேறு குழப்பம். சைவமும் வைணவமும் பிறவியையே நோயென்றும் கடலென்றும் சொல்லி, மறுபடி பிறவாமையைப் பெரும்பேறாக வைத்திருக்கிற மொழியில், ‘மறுபடி பிற’ என்பது வரமா சாபமா? 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை நெல்லைப் பக்கத்து வைணவ வேளாளர். பனியனின் கதையை எடுத்துக்கொண்டு அவர் செய்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் வந்தது. பிறவிச் சுழற்சியை ஒரே நேர்ப்பாதையாக நீட்டி, பிறப்பையும் இறப்பையும் ஒரு பயணத்தின் இரு முனைகளில் வைத்ததுதான் அந்தக் காப்பியத்தின் பெரிய காரியம் என்பது என் வாசிப்பு. அதன் கம்ப நடையைப் புகழ்ந்து புகழ்ந்தே நம் பேராசிரியர்கள் இதைப் பார்க்காமல் விட்டார்கள்.

ஓர்லாண்டோ பேட்டர்சன் 1982-இல் வந்த தன் நூலில் அடிமை முறையைச் ‘சமூகச் சாவு’ என்று விளக்கினார். அடிமைக்குப் பிறப்பில்லை, முன்னோரில்லை, உரிமை கோரத்தக்க உறவில்லை. பவுல் சொன்ன சாவோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் திருநெல்வேலித் திருச்சபை வரலாறு பிடிபடும். ஊர் ஏற்கெனவே செத்தவர்களாக நடத்திவந்தவர்களிடம் போய், ‘நீங்கள் செத்தவர்கள், எழுந்திருங்கள்’ என்று ஒருவர் சொன்னால், அவர்கள் எந்தச் சாவைப் புரிந்துகொண்டிருப்பார்கள்?

இந்தச் சபையின் தொடக்கத்திலேயே அப்படியொரு பெண் நிற்கிறாள். மராத்தி பேசிய பிராமண விதவை. உடன்கட்டையிலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரி அவளை மீட்டதாகக் கதை. அவரோடு மணமின்றி வாழ்ந்தவரை அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஸ்வார்ட்ஸ் ஐயர் இணங்கவில்லை. லிட்டில்டன் இறந்தபின் 1778-இல் கொடுத்தார். புதுப்பெயர் குளோரிந்தா. இத்தாலியக் கவிஞர் டாஸ்ஸோவின் காப்பியத்தில் குளோரிந்தா சாகிற நிமிஷத்தில் ஞானஸ்நானம் பெறுகிறவள். பெயர் எப்படி வந்ததோ, பொருத்தமாகத்தான் வந்திருக்கிறது. விதவையாக ஒருமுறை செத்தவள், சிதையில் இன்னொருமுறை சாக இருந்தவள், மூன்றாவதாகத் தண்ணீரில் செத்து எழுந்தாள். அவள் பாளையங்கோட்டையில் கட்டிய கோவிலை ஜனங்கள் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றார்கள். குளோரிந்தா பிறந்தாலும் பாப்பாத்தி சாகவில்லை! 1780-இல் எழுதப்பட்ட அந்தச் சபையின் பதிவேட்டில் 40 பெயர்கள். பதிவேடு என்ற இந்தச் சாமானைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த நூற்றாண்டில் கதை தனியாட்களைத் தாண்டி ஊர் ஊராக நகர்கிறது. 1799-இல் முதலூர், அடிபட்டுத் துரத்தப்பட்ட சாணார்களுக்கான முதல் அடைக்கல ஊர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், 1830-இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தி, மதம் மாறியவர்களைக் குடியேற்ற நிலம் வாங்கினார். புதுவாழ்வு என்பது இங்கே உள்ளத்து அனுபவமாக மட்டும் இல்லை. பட்டா, கிணறு, பள்ளிக்கூடம், பைபிள் பெயர் என்று கையால் தொடக்கூடியதாக இருந்தது. சோற்றுக்கு மாறினான் என்பவர்கள் இதைத்தான் கேலி செய்கிறார்கள். செத்தவன் எழுந்தால் முதலில் பசிக்கத்தானே செய்யும்?

ஆலங்குளத்தை அடுத்த நல்லூர், சி.எம்.எஸ். மிஷனின் ஒரு மையம். 1840-களில் திருநெல்வேலியில் விபூதி சங்கம் என்ற அமைப்பு எழுந்தது. 1845-இன் இறுதியில் நல்லூர் மிஷன் எல்லைக்குட்பட்ட கிராமங்களில் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. வழக்கு சென்னை வரை போனது. தண்டிக்கப்பட்ட பலரை மேல்நீதிமன்றம் விடுவிக்க, அதைச் சுற்றிய மோதலில் மால்கம் லெவின் என்ற நீதிபதி ஆளுநர் டுவீட்டேலுடன் முரண்பட்டு 1846-இல் பதவியிழந்தார். மதராஸ் அரசியலில் பெரிய அமளி. மிஷன் வரலாறுகள் இதை ‘உபத்திரவம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகின்றன. இந்து தரப்பு இதைச் சுயபாதுகாப்பு என்கிறது. இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு அந்தச் சங்கத்தின் பெயரைப் பார்க்கலாம். விபூதியும் ஒரு சாவுக் குறிதான். உடம்பு சாம்பலாகும் என்பதை நெற்றியில் எழுதிக்கொள்வது. கத்தோலிக்கனும் சாம்பல் புதனன்று அதைத்தான் பூசிக்கொள்கிறான். ஆக, சாவை நினைவூட்டுகிற மதங்களுக்குள் சண்டை வருவானேன்? எல்லோரும் ஒருநாள் சாம்பல் என்பதை ஊர் தாங்கிக்கொள்ளும். இன்றைக்கே செத்துவிட்டேன், நாளைமுதல் பழைய கட்டுகள் என்மேல் செல்லாது என்று கீழே இருப்பவன் சொல்வதைத் தாங்கிக்கொள்ளாது. இறந்தவனிடம் ஊழியம் வாங்க முடியாதே. ஞானஸ்நானம் ஆத்துமக் காரியமாக மட்டும் இருந்திருந்தால் நல்லூர் எல்லையில் ஒரு கூரைகூடப் பிரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கிருஷ்ணபிள்ளை ஞானஸ்நானம் பெற்ற அதே 1858-இல் திருநெல்வேலி டவுனில் இன்னொன்று நடந்தது. ஒரு கிறிஸ்தவரின் பிணத்தைக் கோயிலை ஒட்டிய தெரு வழியாகக் கொண்டுபோவது குறித்த தகராறு கலகமாகி, துருப்புகள் சுட்டு உயிர்கள் போயின. பாதை பொதுவா என்பது சட்டக் கேள்வி. எனக்குப் படுவது வேறு. உயிரோடு ஒருவன் ‘நான் செத்து எழுந்தவன்’ என்றதை ஊர் ஒருவேளை பேச்சாக விட்டிருக்கலாம். அவன் நிஜமாகவே செத்தபின் அந்தப் பிணம் எந்தத் தெருவில் போகிறது என்பதில்தான் பழைய மனுஷன் செத்தானா என்பது நிரூபணமாக வேண்டியிருந்தது.

அதுசரி, எது சாகவில்லை? மிஷனரிகள் சாக வேண்டியவை என்று ஒரு பெரிய பட்டியல் வைத்திருந்தார்கள். பேய்க்கோயில், கொடை, கள், பழைய பெயர். சாதியும் அதில் உண்டு. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இலேயே சாதியைச் சபையிலிருந்து உடனடியாக, முற்றாக ஒழிக்க உத்தரவிட்டார். ஆனால் திருநெல்வேலியில் ஊரோடு மாறியவர்கள் சாதியோடும் மாறினார்கள். ஒரே சாதி ஒரே ஊராக வந்து தண்ணீரில் இறங்கும்போது, கரையில் கழற்றிவைக்க வேண்டியது எது என்ற கேள்வியே எழாது. பக்கத்துத் தெரு வரும்போதுதான் எழும். கத்தோலிக்கத்தில் இதைக் கட்டடமாகவே பார்க்கலாம். வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோவிலில் இரண்டு சாதித் தொகுதிகளுக்கு இரண்டு கைகள், ஒரே பலிபீடம், நடுவில் தடுப்பு. அது உடைபட்டது 1910-இல். ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ (2001) இதை விரிவாகச் சொல்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவர் ஊரறிந்தது. ஒரே எக்காளத்துக்கு எல்லோரும் எழுவோம் என்று நம்புகிறவர்கள், எழுகிற இடத்துக்கு நடுவில் சுவர் வைத்தார்கள்.

ஆகவே முதல் சாவு சரியாக நடக்கவில்லை என்ற சந்தேகம் சபைக்குள்ளேயே கிளம்பிக்கொண்டிருந்தது. 1857-இல் நாசரேத்துக்கருகே பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை வெள்ளைக்காரப் பாதிரிகளை உதறித் தனிச்சபை கண்டார். 1860-இல் கிறிஸ்டியான்பேட்டையில் அருளப்பனைச் சுற்றி நடந்ததில் ஜனங்கள் நடுங்கினார்கள், விழுந்தார்கள், பெண்கள் தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘எழுப்புதல்’. எழுப்புகிறோம் என்றால் கிடப்பது பிணம். இருபதாம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தேக்காரர்கள் வந்து, தெளிப்பு செல்லாது, முழுகினால்தான் ஞானஸ்நானம் என்றபோது பரம்பரைச் சபைகளைப் பார்த்துச் சொன்னதும் இதேதான்: நீங்கள் செத்த சபை. பெரியம்மா அந்தப் பக்கம் போனாள். பொன்னும் தாலியும் இல்லாத கழுத்து ஊருக்கு விதவைக் கழுத்து; அவளுக்கு அது ஒருவரிடமும் கடன்படாத கழுத்து. அவளிடம் நான் இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எம்.ஏ. தமிழ் படித்த திமிர்.

பெரியம்மாவுக்கு ஞானஸ்நானத்தால் போனது ஒரு தம்பி. பிற்படுத்தப்பட்ட சாதி என்பதால் சர்டிபிகேட் போகவில்லை. கீழத்தெருவிலிருந்து போகிறவர்களுக்கு அப்படியில்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார். 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வேறொருவராகப் பிறக்கிறார். பவுலின் வேதாந்தத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிற ஒரே நிறுவனம் இந்திய அரசுதான் என்பேன். ஊர் நம்பவில்லை, கல்லறைச் சுவர் கட்டியவர்கள் நம்பவில்லை. அரசு நம்புகிறது: தண்ணீர் பட்டது, தலித் செத்தான்.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துவந்த ஓர் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், அதே வேலை செய்த இந்துக்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். மதம் மாறியபின்னும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1985-இல் தள்ளுபடியானது. அதற்குப் பத்து வருஷம் முன்பு, கோலார் தங்கவயல் தேர்தல் வழக்கொன்றில் அதே நீதிமன்றம், இந்து மதத்துக்குத் திரும்பியவரைச் சாதியார் ஏற்றுக்கொண்டால் பழைய சாதி மீளும் என்றது. சாதிக்கும் ஓர் உயிர்த்தெழுதல் உண்டு. 1981-இல் தென்காசிக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் கூட்டமாக இஸ்லாத்துக்குப் போனபோது நாடே பதறியது; இந்தச் சீமையில் இருநூறு வருஷமாகப் பக்கத்திலேயே இருந்த புதுவாழ்வை விட்டு அவர்கள் ஏன் வேறு வாசலுக்குப் போனார்கள் என்று கேட்ட கிறிஸ்தவர்கள் எத்தனை பேர்?

மாமா அன்று கோடியைப் போட்டார். பாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்ச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் பெந்தெகொஸ்தேக்காரிக்கு இடமில்லை என்றதால், பெரியப்பாவின் தோட்டத்தில் கிணற்றோரம் அடக்கினோம். மாமா அதே கிணற்றின் பம்புசெட்டில் குளித்தார்.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், தான் இந்து என்றும் பட்டியல் சாதிச் சான்று வேண்டும் என்றும் அவர் கேட்டதை உச்சநீதிமன்றம் நிராகரித்தது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று கோருவது அரசியல் சட்டத்தை ஏய்ப்பது என்றது தீர்ப்பு. அவருக்கு எதிராக வைக்கப்பட்ட ஆதாரங்களில் ஒன்று, குழந்தையாக இருக்கையில் அவருக்குத் தரப்பட்ட ஞானஸ்நானத்தின் பதிவு.