இரண்டு சூரிய உதயம் கண்ட வான்வழி

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகருக்கும், இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானத்துக்கு இது சுமார் ஏழு மணி நேரப் பயணம்தான். 1943-இல் இதே தூரத்தைக் கடக்க ஒரு முழுப் பகலும் இரவும் போதவில்லை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் ஆஸ்திரேலியாவையும் பிரிட்டனையும் இணைத்த வான்வழி அறுந்துபோனது. இந்தியப் பெருங்கடலை எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் தாண்டுவதுதான் மிஞ்சியிருந்த நேர்வழி. 1943-இன் நடுவில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனம் அந்தச் சேவையைத் தொடங்கியது. அதில் மொத்தம் ஐந்து கேட்டலினா விமானங்கள் பறந்தன. இவை தண்ணீரில் இறங்கி ஏறுபவை. பேர்த்தில் ஸ்வான் ஆறும் இலங்கையில் கொக்கல ஏரியும்தான் இவற்றின் ஓடுதளங்கள். கொக்கலயில் போர்த்தளம் அமைப்பதற்காக ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. வான்வழி வரலாற்றில் அந்தக் குடும்பங்களின் இழப்பையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கேட்டலினாவின் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். 5,650-ஐ அதால் வகுத்தால் 28 மணி நேரம் வரும். பெரும்பாலான பயணங்களுக்கு ஆன நேரமும் ஏறத்தாழ அதுதான். எதிர்க்காற்று வலுத்தால் நேரம் நீளும். மிக நீண்ட பயணத்துக்கு 32 மணி 9 நிமிடம் பிடித்தது. அவ்வளவு நேரம் பறக்கத் தேவையான எரிபொருளைச் சுமப்பதற்காக விமானத்துக்குள் கூடுதல் தொட்டிகள் வைத்தார்கள். குளிரையும் சத்தத்தையும் தடுக்கும் உள்ளுறையைக்கூடக் கழற்றி எறிந்தார்கள். அப்படியும் ஏற்ற முடிந்தது மூன்று பயணிகளையும் 69 கிலோ அஞ்சலையும் மட்டுமே.

எதிரியின் காதில் விழக்கூடாது என்பதால் வானொலி மௌனம் காக்கப்பட்டது. ஜப்பானிய விமானங்கள் உலவும் பகுதியை இருட்டில் தாண்டும்படி புறப்படும் நேரத்தைக் கணித்தார்கள். கீழே அடையாளம் சொல்ல ஒரு விளக்கும் இல்லாத கடல். வழிகாட்டி அலுவலர் விண்மீன்களின் உயரத்தைக் கருவியால் அளந்து, தாம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டே வருவார். ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயரையே சூட்டியிருந்தது மிகப் பொருத்தம்: ஆல்டேர், வேகா, ரைஜல், அண்டாரிஸ், ஸ்பைகா. ஆல்டேர் நமது திருவோணம், அண்டாரிஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை.

பயணம் ஒரு நாளுக்கு மேல் நீண்டதால் உள்ளே இருந்தவர்கள் சூரிய உதயத்தை இருமுறை கண்டார்கள். ‘இரட்டைச் சூரிய உதயத்தின் இரகசியக் குழு’வில் உறுப்பினர் என்று பயணிகளுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது. கொக்கலயில் இறங்கியவர்கள் கராச்சி வழியாக லண்டன் நோக்கிப் போனார்கள்.

1944-இல் லிபரேட்டர் விமானங்கள் வந்து இலங்கைப் பயணத்தைச் சுமார் 17 மணி நேரமாகக் குறைத்தன. குவாண்டாஸின் கங்காரு சின்னம் முதலில் தீட்டப்பட்டது அவற்றின்மீதுதான். கேட்டலினாக்கள் 1945 ஜூலை வரை 271 முறை கடலைத் தாண்டின. ஒன்றுகூட வழியில் விழவில்லை. போர் முடிந்ததும், கடன்-குத்தகை ஒப்பந்தப்படி அமெரிக்கா கொடுத்திருந்த அந்த விமானங்களை ஆஸ்திரேலியக் கடலிலேயே மூழ்கடித்தார்கள்.