ஜாமீன் கையெழுத்து

1919 ஜூனில் கனடா அரசு ஓர் உத்தரவு போட்டது. மென்னனைட், ஹட்டரைட், டுகபோர் என்ற மூன்று சமயக் கூட்டத்தாரும் இனி நாட்டுக்குள் குடியேற வரக்கூடாது. இவர்களுடைய பழக்கவழக்கமும் சொத்து வைத்துக்கொள்ளும் முறையும் விசித்திரமானவை, மற்றவர்களோடு ஒட்டமாட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். உள்ளே இன்னொரு காரணமும் இருந்தது. மூன்று கூட்டத்தாருமே துப்பாக்கி தூக்க மறுப்பவர்கள். முதல் உலகப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்குப் போருக்குப் போகாதவர்கள் மேல் கோபம் இருந்ததில் வியப்பில்லை.

அறுபது வருஷம் ஆவதற்குள், 1979 மார்ச் 5 அன்று, அதே அரசு அதே மென்னனைட்டுகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அகதிகளை வரவேற்றுக் குடிவைக்கும் பொறுப்பு சபையாருடையது; உள்ளே விடும் அனுமதி அரசுடையது. கனடாவின் தனியார் அகதி ஸ்பான்சர் திட்டம் காலூன்றியது இந்தக் கையெழுத்தில்தான். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதுவரை அந்த வழியாக வந்திருக்கிறார்கள்.

மனிதநேயத்தின் வெற்றி என்று இதை எழுதுகிறவர்கள் நிறைய உண்டு. தப்பில்லை. ஆனால் மனிதநேயம் எல்லா ஊரிலும்தான் இருக்கிறது, திட்டம் எல்லா ஊரிலும் பிறப்பதில்லை. எனக்கு இது ஒரு கடன் பத்திரத்தின் கதையாகத்தான் படுகிறது.

மென்னனைட்டுகள் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கிளைத்த கிறிஸ்தவப் பிரிவினர். மென்னோ சைமன்ஸ் என்ற போதகரின் பெயரால் அறியப்பட்டவர்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்கள், சத்தியப் பிரமாணம் எடுக்கமாட்டார்கள், படையில் சேரமாட்டார்கள். இதற்காகவே ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர்கள். நெதர்லாந்திலிருந்து பிரஷ்யா, அங்கிருந்து ரஷ்யப் பேரரசி கேத்தரினின் அழைப்பில் இன்றைய உக்ரைன். ஒரு பகுதியினர் 1870-களிலேயே கனடாவின் மனிடோபாவுக்கு வந்துவிட்டார்கள். உக்ரைனில் தங்கியவர்கள் ரஷ்யப் புரட்சியிலும் உள்நாட்டுப் போரிலும் சிக்கினார்கள்; 1921-22 பஞ்சம் மிச்சத்தையும் துடைத்துப்போட்டது. தப்பித்து கனடாவுக்குப் போகலாமென்றால் அங்கே 1919 உத்தரவு குறுக்கே நிற்கிறது.

1922-இல் மெக்கன்சி கிங் அரசு அந்த உத்தரவை நீக்கியது. கதவு திறந்துவிட்டது, கப்பல் கட்டணம்? இங்கேதான் டேவிட் டேவ்ஸ் வருகிறார். சஸ்காட்செவன் மாகாணத்தில் ராஸ்தெர்ன் என்ற சின்ன ஊரின் மென்னனைட் மூப்பர். கனடியன் பசிபிக் ரயில்வே கம்பெனியோடு பேசி, முன்பணம் இல்லாமல் கடனுக்கு ஆட்களை ஏற்றிவர ஒப்பந்தம் போட்டார். கம்பெனிக்கு இதில் தர்மசிந்தனை பெரிதாக ஒன்றுமில்லை. அதன் கையில் விற்கவேண்டிய நிலம் கிடந்தது. தண்டவாளத்தின் இருபுறமும் கோதுமை விளைந்தால்தான் ரயிலுக்குச் சரக்கு. மென்னனைட்டுகள் கைதேர்ந்த விவசாயிகள். ஆனாலும் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் டிக்கெட்டுக்கு ஜாமீன் நிற்பது லேசான காரியமா? ஏற்கெனவே கனடாவில் இருந்த சபைகளில் சில தயங்கின, சில எதிர்த்தன. டேவ்ஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

1923 ஜூலையில் முதல் கூட்டம் ராஸ்தெர்ன் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது. உள்ளூர்க் குடும்பங்கள் ஆளுக்குச் சிலரை வீட்டுக்குக் கூட்டிப்போயின. 1930 வரை இப்படி ஏறத்தாழ 20,000 பேர் வந்தார்கள். அதற்குள் பெரும் பொருளாதார வீழ்ச்சி. கோதுமை விலை படுத்தது, சஸ்காட்செவனில் மழை பொய்த்தது, தவணை நின்றது. கட்டமுடியாதவர்களின் பங்கை மற்றவர்கள் கட்டினார்கள். வட்டியில் பெரும் பகுதியைக் கம்பெனி தள்ளுபடி செய்தது. 1946 நவம்பரில் கடன் தீர்ந்ததாக அறிவித்தார்கள். அடுத்த பிப்ரவரியில் டேவ்ஸ் காலமானார். இருபத்து நான்கு வருஷம் ஒரு சமூகமே சேர்ந்து சுமந்த கடன் அது. அதை அடைத்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள்தான் 1979-இல் சபைக் கமிட்டிகளில் உட்கார்ந்திருந்தவர்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். கனடாவின் 1976 குடிவரவுச் சட்டம் 1978 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதில் ஒரு சின்ன ஏற்பாடு: குடிமக்களோ நிரந்தர வாசிகளோ ஐந்து பேர் சேர்ந்தால், அல்லது ஒரு பதிவுபெற்ற அமைப்பு முன்வந்தால், ஓர் அகதிக் குடும்பத்தை ஸ்பான்சர் செய்யலாம். ஒரு வருஷம், அல்லது அவர்கள் சொந்தக் காலில் நிற்கும்வரை, வாடகை, சாப்பாடு, துணிமணி எல்லாம் ஸ்பான்சர் செய்பவர் பொறுப்பு. ஏட்டில் நன்றாகத்தான் இருந்தது. முதல் வருஷம் அதை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் சொற்பம். நூறு பேர் வரும் கிராமத்துச் சபை, அரசோடு நேரடியாகச் சட்ட ஒப்பந்தம் போடவேண்டும். நிதிநிலையை அதிகாரியிடம் காட்டவேண்டும். குடும்பத்தில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

மென்னனைட் மத்தியக் குழு என்ற அவர்களுடைய சேவை அமைப்பு 1920-இல் உக்ரைன் பஞ்சத்துக்கு உதவப் பிறந்தது. 1954 முதல் வியட்நாமிலும் வேலை செய்திருந்ததால், அங்கிருந்து அப்போது தப்பி வந்துகொண்டிருந்த மக்களின் நிலை அதற்குப் புதிதல்ல. அதன் ஒட்டாவா அலுவலகத்தை நடத்திய வில்லியம் ஜான்சன் அதிகாரிகளோடு உட்கார்ந்து ஒரு வழி கண்டார். மத்தியக் குழு ஒரே ஒரு குடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும். அதன் கீழ் எந்த ஊர்ச் சபையும் எளிய படிவம் ஒன்றை நிரப்பிக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். சபை கைவிரித்தால் மத்தியக் குழு பொறுப்பு. ஆங்கில வகுப்பு, வேலை தேடித்தரும் உதவி போன்றவை அரசின் பாடு. டேவ்ஸ் செய்ததன் மறுபதிப்புதானே இது? பெரியவன் ஜாமீன் போடுகிறான், சின்னவன் வேலையைப் பார்க்கிறான்.

மற்ற திருச்சபைகள் இதே ஒப்பந்தத்தைப் படியெடுத்துக் கையெழுத்திட ஆரம்பித்தன. நல்லவேளை, 1979 கோடைக்கு அது தயாராக இருந்தது. 1978 நவம்பரிலேயே ஹாய் ஹாங் என்ற பழைய சரக்குக் கப்பல் வியட்நாமிலிருந்து தப்பிய ஏறத்தாழ 2,500 பேரோடு மலேசியக் கரையோரம் தரையிறங்க அனுமதியின்றி நின்றதை உலகம் தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. கனடா அதிலிருந்து 604 பேரை எடுத்துக்கொண்டது. 1979-இல் படகுகள் இன்னும் பெருகின. ஒட்டாவா மேயர் மரியன் டூவார் 4,000 பேரை நம் நகரம் ஏற்கும் என்றார். டொரொன்டோவில் தத்துவப் பேராசிரியர் ஹோவர்ட் ஏடல்மன் வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடினார்கள். அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதுவதுதான் திட்டம். அங்கே வந்திருந்த குடிவரவு அதிகாரிகள், கடிதம் எதற்கு, நீங்களே ஸ்பான்சர் செய்யலாமே என்றார்கள். 'ஆபரேஷன் லைப்லைன்' அப்படிப் பிறந்தது. ஜூலையில் அரசு 50,000 பேர் என்று இலக்கை உயர்த்தியது. மக்கள் ஒருவரை ஸ்பான்சர் செய்தால் அரசு தன் பங்குக்கு இன்னொருவரை எடுக்கும் என்பது கணக்கு. எல்லாரும் கைதட்டவில்லை, வந்தவர்கள் சொந்தபந்தத்தையெல்லாம் இழுத்துவருவார்கள் என்று பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து எதிர்த்தவர்களும் இருந்தார்கள்.

வந்தவர்கள் முதலில் எட்மன்டனிலும் மான்ட்ரியாலிலும் இருந்த ராணுவ முகாம்களில் இறங்கினார்கள். மருத்துவப் பரிசோதனை, காகிதம், குளிர்காலக் கோட்டு, பூட்ஸ். அதன்பின் பேர்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஏதோ ஒரு ஊர். அங்கே தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் ஒரு கமிட்டி ஏற்கெனவே வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கும். ஒருவர் வாடகை வீடு பார்ப்பவர். ஒருவர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பவர். காரும் ஓய்வும் உள்ள பெரியவர் பல் டாக்டரிடம் கூட்டிப்போக. அரிசி எந்தக் கடையில் மூட்டையாகக் கிடைக்கும் என்று விசாரிக்க ஒருவர், பஸ்ஸில் சில்லறை போடுவது எப்படி என்று கூடவே போய்க் காட்ட ஒருவர். முகாமில் கிடைத்த கோட்டு அளவு பொருந்தாவிட்டால் அதற்கும் ஆள் உண்டு.

அந்தக் கோட்டும் கட்டிலும் சட்டிபானையும் எங்கிருந்து வந்தன? மனிடோபாவின் ஆல்டோனா ஊரில் 1972-இல் நான்கு மென்னனைட் பெண்கள் பழைய துணி, பழைய சாமான் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார்கள். லாபம் மத்தியக் குழுவின் உலக நிவாரணப் பணிக்கு. அது கிளைவிட்டு ஊர் ஊராகப் பரவியது. ஊரின் கைசுருங்கிய குடும்பங்கள் சட்டை வாங்குவதும் அங்கேதான், அகதிக் குடும்பத்தின் வீட்டை நிரப்பச் சபையார் போய் நிற்பதும் அங்கேதான். உள்ளூர் ஏழைக்கு ஒரு வாசல், வெளியூர் அகதிக்கு ஒரு வாசல் என்று வைக்காதது, யோசித்துச் செய்ததோ தானாக அமைந்ததோ, நல்ல ஏற்பாடு. அகதிக்கு மட்டும் கொடுத்தால் அடுத்த வீட்டுக்காரனின் முகம் எப்படிக் கறுக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

எல்லாம் தேனும் பாலுமாக இருக்கவில்லை. பணம் கொடுப்பவர் புத்திமதியும் கொடுப்பார். வீட்டுச் செலவைக் கேள்வி கேட்ட ஸ்பான்சர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரமாட்டார்களா என்று எதிர்பார்த்தவர்களும் உண்டு. வந்தவர்களில் பலர் பௌத்தர்கள். ஒரு வருஷக் கெடு என்ற விதி இங்கே இரு தரப்பையும் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். அதோடு பயணச் செலவு இனாமில்லை, கடன். ராஸ்தெர்னில் வந்திறங்கியவர்களைப் போலவே இவர்களும் டிக்கெட் பணத்தைத் தவணையில் அடைத்தார்கள்.

பெரிய சண்டை வந்தது அரசோடு. 1979 டிசம்பரில், மக்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஸ்பான்சர் செய்துவிட்டார்கள், அரசின் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. சபைகள் கொதித்தன. நாங்கள் சேர்ப்பது உங்கள் பங்கோடு கூடுதலாக. உங்கள் பங்குக்குப் பதிலாக அல்ல என்றார்கள். அடுத்த ஏப்ரலில் புதிய அரசு மேலும் 10,000 இடங்களை அறிவித்தது. 1980 முடிவதற்குள், வியட்நாமும் அண்டை நாடுகளும் அடங்கிய இந்தோசீனாவிலிருந்து 60,000 பேர் வந்துவிட்டார்கள், பாதிக்கு மேல் தனியார் ஸ்பான்சரில். கூடுதலா, பதிலா என்ற வழக்கு மட்டும் இன்றுவரை தீரவில்லை. சபைகளின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. தொண்டர் செய்கிறார் என்று தெரிந்தால் கையைக் கட்டிக்கொள்ளாத அரசு எங்கே இருக்கிறது?

1986-இல் ஐ.நா. அகதிகள் ஆணையம், அகதிகளுக்கான சேவைக்குத் தரும் தன் நான்சென் பதக்கத்தைக் கனடா மக்கள் அனைவருக்கும் கொடுத்தது. ஒரு நாட்டு மக்களுக்கே அது கொடுக்கப்பட்டது அப்போதுதான். அதே வருஷம் ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்களை எந்தக் கமிட்டியும் அழைக்கவில்லை, அவர்களுக்காக யாரும் படிவம் நிரப்பவில்லை. மீனவர்கள் காட்டிய அன்புக்குக் குறைவில்லை. ஆனால் வந்தவர்கள் ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்று தெரிந்ததும் நாட்டின் பேச்சு மாறியது. முகாமில் காத்திருந்து வரிசையில் வருபவர் நல்ல அகதி, தானே வந்து நிற்பவர் சந்தேக அகதி என்ற பிரிவினை அன்றே கூர்மையாகத் தெரிந்தது. ஸ்பான்சர் திட்டத்தின் நிழல் என்று அதைச் சொல்லலாம். அந்தத் திட்டம் உருவாக்கியதல்ல, ஆனால் அதன் பக்கத்திலேயே வளர்ந்தது.

2015-16-இல் சிரிய அகதிகளுக்காக அதே நிலவறைக் கூடங்களில் மறுபடியும் நாற்காலி போட்டார்கள். விண்ணப்பம் குவிந்தது, வருஷக்கணக்கில் தேங்கியது. 2024 நவம்பரில் அரசு, ஐவர் குழுக்களிடமிருந்து புதிய விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவைத்தது. குடை ஒப்பந்தம் வைத்திருக்கும் அமைப்புகளுக்கு அந்தத் தடை இல்லை. வருஷத்துக்கு இத்தனை பேர் என்று அரசு தரும் ஒதுக்கீட்டை அவை தங்கள் ஊர்ச் சபைகளுக்குப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.