உருகாமல் இணைந்த உலோகம்

அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடு, அலுமினா போன்ற கடினமான பீங்கான் துகள்களையோ இழைகளையோ கலந்து ஆக்கப்படும் உலோகக் கூட்டுப்பொருள்கள், எடை அதிகம் கூடாமல் விறைப்பும் தேய்மானத்தைத் தாங்கும் திறனும் மிக்கவை என்பதால், 1980-களில் டொயோட்டா நிறுவனம் டீசல் என்ஜின் பிஸ்டன்களை இவ்வகையில் வலுப்படுத்தத் தொடங்கியது முதல் தொழிலுலகின் கவனம் அவற்றின்மேல் திரும்பியது. ஆனால் இவற்றை வெல்டிங் செய்வது பெரும் சிக்கலாகவே இருந்தது. மின்வில்லின் சூட்டில் அலுமினியம் உருகியதும், அதிலுள்ள சிலிக்கன் கார்பைடு அதனோடு வினைபுரிந்து அலுமினியம் கார்பைடு என்னும் ஊசிவடிவப் படிகங்களை உண்டாக்கும். எளிதில் நொறுங்கும் இப்படிகங்கள் ஈரம் பட்டாலும் சிதைந்துவிடுவதால், இணைப்பே பொருளின் மிகப் பலவீனமான இடமாகிவிடும்.

உருக்கினால்தானே இந்தக் கேடு? 1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே டி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்தில் வெய்ன் தாமஸும் உடன் பணியாற்றியோரும் கண்டறிந்த உராய்வுக் கிளறல் பற்றவைப்பு, கூட்டுப்பொருளுக்கென்று பிறந்ததன்று எனினும், இக்கேள்விக்கு விடையாக அமைந்தது. வேகமாகச் சுழலும் எஃகுக் கருவியின் நுனியிலுள்ள முளை, நெருக்கி வைத்த இரு தகடுகளின் விளிம்பில் இறங்க, அதற்கு மேலுள்ள அகன்ற தோள்பகுதி மேற்பரப்பை அழுத்தித் தேய்க்க, அலுமினியம் தன் உருகுநிலையான 660 பாகை செல்சியஸை எட்டாமலே இளகிக் கிளறப்பட்டு ஒன்றாகிறது. துகள்கள் வினைபுரிய உருகிய உலோகமே அங்கு இல்லை.

வேதியியல் தந்த தொல்லை நீங்கியதும் இயந்திரவியல் தொல்லை தலைதூக்கியது. எஃகைவிடக் கடினமான துகள்கள் கருவியையே அரம்போல் அராவின. அமெரிக்காவின் எல் பாசோ நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், 20 விழுக்காடு அலுமினா கலந்த 6061 அலுமினியக் கலவையில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த சோதனைகளில், முளையின் திருகுமரை தேய்ந்து மழுங்கியது. ஆனால் ஒரு கட்டத்தில் அது வழவழப்பான ஒரு வடிவத்தை அடைந்த பின் தேய்மானம் ஏறக்குறைய நின்றுபோக, மரையில்லாத அந்த முளையும் நல்ல இணைப்பையே தந்தது. கிளறலுக்கு மரை இன்றியமையாதது என்ற எண்ணத்தை இவ்வாறு கருவியே திருத்தியது எனலாம். கருவி நகரும் வேகத்தைக் கூட்டினால் தேய்மானம் குறைவதும் அச்சோதனைகளில் தெரியவந்தது.

துகள்களை உடைத்துச் சீராகப் பரப்பும் இக்கிளறலைக் கொண்டு கூட்டுப்பொருளையே ஆக்கலாம் என்ற எண்ணமும் விரைவில் எழுந்தது. 2003-இல் மிஸ்ராவும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், அலுமினியப் பரப்பின்மேல் பூசப்பட்ட சிலிக்கன் கார்பைடு பொடி, இணைப்பு எதுவும் இல்லாத தகட்டிலேயே கிளறப்பட்டுக் கடினமான மேற்படலமாயிற்று.