நிலைபொருள்
கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில், ‘ஃபர்ம்வேர்’ என்றால் கம்பெனிச் சரக்கு என ஒருவர் அர்த்தம் சொல்லக் கேட்டேன். கம்பெனியைக் குறிக்கும் ‘ஃபர்ம்’ இத்தாலியில் கையொப்பத்தைக் குறித்து வந்ததெனினும், உறுதி என்னும் பொருளுடைய லத்தீன் ‘ஃபிர்முஸ்’ஸே அதற்கும் ‘ஃபர்ம்வேரி’லுள்ள ‘ஃபர்ம்’முக்கும் மூலம். 1967-இல் ஆஷர் ஆப்ளர் வழங்கியபோது வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்ட நுண்கட்டளைத் தொகுதியை மட்டுமே சுட்டிய அச்சொல், இன்று கைப்பேசிக்காரர் வாயில் ஆண்ட்ராய்டு முழுவதையுமே தழுவி நிற்கிறது. அதற்குத் தமிழில், ஸ்திரத்தன்மையை விளக்கும் ‘நிலைபொருள்’ எனக்கு மிகவும் உவப்பு. நிலைபொருள் மாற்றப்பட்ட கைப்பேசியில் ‘ஃபேக்டரி ரீசெட்’டைப் பூர்வநிலை மீட்பென நம்புவதோ பெரும் விபரீதம், அது நம் தரவுகளை அழிக்குமேயன்றி, மாற்றியெழுதிய நிலைபொருளைத் தொடாதாகையால், அதனைத் ‘தரவு நீக்கம்’ என்றே அழைப்பேன். தரவுகளுக்குப் பிரதியெடுத்து, அந்த மாடலுக்கே உரிய மூலப்பதிப்பை முழுமையாக எழுதிய பின்னரே கைப்பேசியைத் துவக்கும் பூட்லோடரைப் பூட்டுவதுதான் மெய்யான மீட்பு.