ஸ்டிபுலேஷன்

வழக்கின் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுத்தில் பதியும் நிபந்தனை, சமரச உடன்படிக்கை.

மூலம்: லத்தீன் வினைச்சொல் 'ஸ்டிபுலாரி'. பண்டைய ரோமில் ஒருவர் "உறுதி தருகிறாயா?" என்று கேட்க, மற்றவர் அதே வினையால் "தருகிறேன்" என்றால் போதும், கடப்பாடு பிறந்துவிடும். வேர் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜஸ்டினியனின் சட்டநூல் 'உறுதியான' என்ற பொருளுள்ள 'ஸ்டிபுலும்' என்கிறது. செவில் நகரத்து இசிடோர் வைக்கோல் தாளைக் குறிக்கும் 'ஸ்டிபுலா'வைச் சுட்டுகிறார்: வாக்குக் கொடுத்தவர்கள் தாளை முறிப்பார்கள், பின்னர் துண்டுகளைப் பொருத்தி வாக்கை அடையாளம் காண்பார்களாம்.

வழக்கு: நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம் (தொடக்கம் 1934) நடத்தும் குடியிருப்புகளில் இச்சொல் வீட்டையே தீர்மானிக்கும். மகன் குற்றத்தில் சிக்கினால் தாயின் வாடகை உரிமையை முடிக்க விசாரணை வரலாம். 'அவன் இங்கே தங்கமாட்டான், வந்துபோகவும் மாட்டான்' என்று அவர் கையெழுத்திட்டால் வீடு நிலைக்கும். பிறகு சோதனைக்கு வருபவர்கள் கண்ணில் அவன் பட்டால், உடன்படிக்கையை மீறியதற்காகவே வீட்டை இழக்க நேரலாம்.

குறிப்பு: வாடகைப் பத்திரம் 'ஒப்பந்தம்', அது முறியும் தறுவாயில் எழுதும் இந்த இரண்டாம் வாக்குக்கு 'உடன்படிக்கை' பொருந்தும்.